ஆளுக்கொரு சொல்

என் நாட்குறிப்புகளில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆறு ஆண்டுக் குறிப்பேடுகளையும் நேற்று எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பக்கங்களிலும் ‘அந்த டீச்சர்’தான். ‘அந்த டீச்சர் இன்றும் நான்கு நிமிடம் தாமதம்.’ ‘அந்த டீச்சர் வகுப்பில் மூன்றாம் பாடவேளை முழுவதும் சிரிப்புச் சத்தம்.’ ‘அந்த டீச்சர் சேலைக்குக் கேன்வாஸ் சப்பாத்து அணிந்து வந்தார்.’ ஒருவரைப் பிடிக்காமல்தான் இவ்வளவு கவனித்திருக்கிறேன் என்று வெளியாள் யாரும் நம்பமாட்டார்கள்.

குருண் பட்டணத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது எங்கள் தமிழ்ப்பள்ளி. வகுப்புக்கு ஒரு பிரிவுதான். நான்காம், ஆறாம் வகுப்புகளுக்கு நான் ஆங்கிலம் எடுத்தேன்; மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு அவர். பாடத்துக்குத் தலைவி நான். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், ஞாயிறுகளில் அவர் சர்ச்சுக்குப் போவார் என்பதும், ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார் என்பதும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில், ‘ஃபுல்’ என்று முடியும் பெயரடைகள் வரும். கேர் என்றால் கவனம், கேர்ஃபுல் என்றால் கவனம் நிறைந்த. சியர் என்றால் மகிழ்ச்சி, சியர்ஃபுல் என்றால் மகிழ்ச்சி நிறைந்த. இப்படி நாற்பது சொற்களைத் திரட்டி ஓர் அட்டவணை செய்தேன். மணிலா அட்டை, கறுப்பு மை, மூன்று பத்திகள்: மூலச்சொல், முழுச்சொல், பொருள். இரண்டு வார இறுதிகள் அதற்கே போயின. இன்னொரு படியும் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

“எவ்வளவு வடிவா எழுதியிருக்கீங்க டீச்சர்,” என்றார். அழகு என்பதை அவர் வடிவு என்றுதான் சொல்வார். ஐந்தாம் வகுப்புச் சுவரில் அதை நேராக மாட்டினார். பிறகு அதன் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். பக்கத்தில் பொருள் எழுதமாட்டார். பிள்ளைகளைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்பார்.

எங்கள் இரு வகுப்புகளுக்கும் நடுவில் பலகைத் தடுப்புத்தான். நான் கேட்கவேண்டாம் என்றாலும் கேட்கும்.

“சியர்ஃபுல். இது யாரு?”

“கேண்டீன் அக்கா டீச்சர்!”

“ஏன்?”

“சாப்பிட மீ இல்ல, முடிஞ்சுபோச்சுன்னு சொல்றப்பகூட சிரிச்சிக்கிட்டேதான் சொல்றாங்க டீச்சர்.”

“ஓம், சரி. வேற யாருக்காவது இந்தச் சொல் வேணுமா? இல்லையா? அப்ப அக்காவுக்கே குடுத்திடுவோம்.”

கேர்ஃபுல், பள்ளி வாசலைக் காவல் காத்த ஜாகா தாத்தாவுக்குப் போனது. கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஹெல்ப்ஃபுல், பள்ளி வேன் ஓட்டிய அண்ணனுக்கு. ஒரு சொல் ஒருவருக்குப் போய்விட்டால் பிறகு வேறு ஆளுக்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய வழக்கு நடக்கும். சாட்சிகள் வருவார்கள். எதிர்வாதம் இருக்கும். நான் தடுப்பின் இந்தப் பக்கம் நின்று, ‘அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளின் காதுகள் அந்தப் பக்கம் இருக்கும்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. யாருக்கு எந்தச் சொல் என்பது அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. அந்த ஆளின் காதில் விழும்படி சொல்லக்கூடாது, கண்ணில் படும்படி எழுதக்கூடாது.

“நல்ல வார்த்தைதானே டீச்சர்? சொன்னா என்ன?” என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் கேட்டேன்.

“சொல்லிட்டா, அதுக்கப்புறம் அந்த மாதிரி நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க டீச்சர். இப்ப தெரியாமலே அப்படி இருக்காங்க. அதுதான் வடிவு.”

ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே இதைச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை பயிற்சிப் பட்டறைகளுக்குப் போய் வந்த எனக்கு இப்படி ஒரு வரி தோன்றியதில்லையே என்ற எரிச்சல். அன்றைய குறிப்பில் அதை எழுதவில்லை. ‘மதியம் சம்பல் நெடி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

‘ஃபுல்’ முடிந்ததும் ‘லெஸ்’ வரும். கேர்லெஸ், யூஸ்லெஸ், ஹெல்ப்லெஸ். ‘அது இல்லாத’ என்று பொருள். ஆளுக்கு ‘லெஸ்’ கிடையாது, பொருளுக்கு மட்டும்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஒருமுறை அவர் வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியை “யூஸ்லெஸ் லா நீ” என்று திட்டினாள். அவர் அதட்டவில்லை. வகுப்பையே கூட்டிக்கொண்டு பள்ளியின் பின்பக்கம் போனார். அங்கே பழுதான புல்வெட்டும் இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. “இது யூஸ்லெஸ்ஸா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க,” என்றார். பிள்ளைகள் குனிந்தார்கள். மூடிக்கு அடியில், காய்ந்த புல்லின்மேல் ஐந்து முட்டைகள். கேண்டீன் அக்காவின் கோழி, யாருக்கும் தெரியாமல் அங்கே வந்து இட்டுக்கொண்டிருந்தது. அந்த டீச்சருக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜாகா தாத்தா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார். அந்த ஆண்டு முழுவதும் ‘யூஸ்லெஸ்’ என்று யார் சொன்னாலும் பின்னாலிருந்து ஒரு குரல் “முட்டை இருக்கு!” என்று கத்தும்.

இவையெல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் எனக்கும் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் என் மகள் இருந்தாள்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒவ்வொரு மாலையும் ஒரு சொல் வந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மாமா, யாரும் தப்பவில்லை. அவள் அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. சமையலறையில் என் காதருகே வந்து, “பீஸ்ஃபுல். செய்தி கேட்டுக்கிட்டே தூங்கிடறாரு. அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா,” என்றாள்.

“எனக்கு?”

“உங்களுக்கு என்ன?”

“எனக்கு என்ன வார்த்தை?”

வாயைப் பொத்திக்கொண்டாள். “உங்ககிட்ட சொல்லக்கூடாதே.”

“இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லு.”

“அதையும் சொல்லக்கூடாது.”

பொரித்த மீனில் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். சொல்லவில்லை. பத்து வயதுவரை என்னிடம் எதையும் மறைக்காத பிள்ளை.

அதற்குப் பிறகு ஐந்தாம் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தளர்ந்தது. என்னைக் கண்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவது போலத் தோன்றியது. ஸ்ட்ரிக்ட் டீச்சர் என்று எனக்குப் பெயர் உண்டு என்பது தெரியும். ஆனால் ஸ்ட்ரிக்ட் என்பதில் ஃபுல் இல்லையே. என் அட்டவணையின் நாற்பது சொற்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெயின்ஃபுல்? ஃபியர்ஃபுல்? அன்றாடம் கண்ணாடிமுன் நின்று ஒரு பெண் தன் பெயரடையைத் தேடுவது வெட்கக்கேடு. ஆனாலும் தேடினேன்.

என் ஒழுங்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். என் வகுப்பு மேசையின் ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதில் சீவிய பென்சில்கள் பன்னிரண்டு. பென்சில் கொண்டுவராத பிள்ளை எழுந்து நின்று, தயங்கி, கேட்டு, மற்றவர்கள் திரும்பிப் பார்த்து, நான் விசாரித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அதனால் பேசாமல் வந்து எடுத்துக்கொள்ளலாம், மணி அடித்ததும் திரும்ப வைத்துவிடவேண்டும் என்று வைத்திருந்தேன். பள்ளி முடிந்ததும் எண்ணிச் சீவி வைப்பேன். ஒருநாள் அந்த டீச்சர் என் வகுப்புக்கு ஏதோ அட்டை கேட்டு வந்தவர், டின்னின் முன்னால் நின்றுவிட்டார்.

“கேக்காமலே எடுத்துக்கலாமா டீச்சர்?”

“எடுக்கலாம். திரும்ப வச்சிடணும்.”

“யார் எடுத்தான்னு எழுதி வைப்பீங்களா?”

“எதுக்கு? பன்னிரண்டு இருந்தா போதும்.”

“ஓம்,” என்று சொல்லிச் சற்றுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இதையும் தன் வகுப்பில் செய்து பேர் வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: ‘அந்த டீச்சர் என் பென்சில் டின்னை நோட்டம் விட்டார்.’

ஆண்டு இறுதிக்கு முன்னால், ஐந்தாம் வகுப்புக்கு நானே ஒரு சோதனை வைத்தேன். பாடத் தலைவி என்ற முறையில் எனக்கு அதற்கு உரிமை இருந்தது. ‘ஃபுல்’ சொற்கள் பத்து. எதிரே பொருள் எழுதவேண்டும். மேற்பார்வைக்கும் நானே நின்றேன். அடுத்த ஆண்டுக்கான ஆயத்தம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்தத் தாள்களில் எங்காவது என் பெயர் அகப்படும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தேன் என்பதை இப்போது எழுதுகிறேன்.

பிள்ளைகள் வேகமாக எழுதினார்கள். ஒரு கட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு. “என் முகத்துலயா பதில் இருக்கு? தலையைக் குனிங்க,” என்றேன். குனிந்தார்கள். ஒருத்தி மட்டும் அழிப்பானைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என் மகள்.

வீட்டுக்கு வந்து திருத்த உட்கார்ந்தேன். முப்பத்தொரு தாள்கள். கேர்ஃபுல்: ஜாகா தாத்தா. சியர்ஃபுல்: கேண்டீன் அக்கா. ஹெல்ப்ஃபுல்: வேன் அண்ணன். ஒன்பது கேள்விகளுக்கும் ஆள்கள்! முதல் தாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. நான்காவது தாளில் சிவப்பு மை முட்டைகள் கையிலிருந்து தாமாகவே விழுந்தன. ஏழாவது கேள்வி மட்டும் எல்லாத் தாள்களிலும் காலி. தாட்ஃபுல். ‘சிந்தனை நிறைந்த’ என்று என் அட்டவணையில் இருக்கும் சொல். ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. என் பெயரும் எந்தத் தாளிலும் இல்லை. மோசமான சொல்லாக இருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் தாள்கட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவரையும் அழைத்தார்கள்.

“சார், இந்த முப்பத்தொரு பிள்ளைகளும் அடுத்த வருஷம் என்கிட்ட வருவாங்க. அரசாங்கச் சோதனையில கேர்ஃபுல்னா ஜாகா தாத்தான்னு எழுதினா யார் சார் பதில் சொல்றது?”

தலைமையாசிரியர் தாளைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “என்ன டீச்சர் இது?” என்று அவரைக் கேட்டார்.

“பொருள் அவங்களுக்குத் தெரியும் சார். எழுதத்தான் பழக்கல. அது என் பிழைதான். இரண்டு வாரம் குடுங்க, பழக்கிடறேன்.”

தலைமையாசிரியர் தலையாட்டினார். விஷயம் அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. நான் விடவில்லை.

“ஏழாவது கேள்வி? முப்பத்தொரு தாள்லயும் காலி சார். அந்த வார்த்தையை நடத்தவே இல்லையா டீச்சர்?”

அவர் மேலே இருந்த தாளை எடுத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவமானம் என்று நினைத்தேன்.

“நடத்தினேன்.”

“அப்ப ஏன் ஒருத்தர்கூட எழுதல?”

அவர் என்னைப் பார்த்தார். “அதை நான் சொல்ல ஏலாது டீச்சர்.”

“ஏலாதுன்னா?” தலைமையாசிரியரின் குரல் மாறியது.

“சொல்லக்கூடாது சார்.”

அந்தப் பதிலோடு தலைமையாசிரியரின் பொறுமை தீர்ந்தது. அடுத்த வாரம் ஆங்கிலம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, உடற்கல்வியும் இசையும் கொடுக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பு எனக்கு வந்தது. நான் அட்டவணையை முன்சுவருக்கு மாற்றி மாட்டினேன். பிள்ளைகள் நாற்பது சொற்களையும் பொருளோடு மனப்பாடம் செய்தார்கள். ஒருவரும் சண்டை போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கேன்வாஸ் சப்பாத்தோடு வெயிலில் நின்று, அவர் மூன்றாம் வகுப்புக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. அதையும் குறித்திருக்கிறேன்.

ஆண்டு முடிவில் செர்டாங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி நாளன்று என் வகுப்புக்கு வந்தார். ஏதாவது கேட்பார் என்று நான் நிமிர்ந்தேன். பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து டின்னில் வைத்தார்.

“கேக்காமலேதான் எடுத்தேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று இருந்தன. நான் எப்போதோ குறைந்த ஒன்றுக்குப் புதிது வாங்கிப் போட்டிருக்கவேண்டும்.

இது நடந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. போன ஞாயிறு, தீபாவளிக்குச் சாயம் அடிக்க அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தோம். பினாங்கில் வேலை செய்யும் மகள் உதவிக்கு வந்திருந்தாள். நான் எதையும் வீசுவதில்லை. கயிறு கட்டிய அந்தத் தாள்கட்டு அவள் கையில் அகப்பட்டது.

“அலாமாக்! அம்மா, இத இன்னுமா வச்சிருக்கீங்க?” புரட்டித் தன் தாளை எடுத்தாள். “சொந்தப் பிள்ளைக்கும் முட்டையா?”

“ஆளுக்கு ஒரு சட்டமா? நீயும் ஏழாவதைக் காலியா விட்டியே.”

“பின்ன எப்படி எழுதறது? நீங்கதானே திருத்தறீங்க.”

எனக்குப் புரியவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அம்மா. அது உங்க வார்த்தை. உங்க கண்ணுல படக்கூடாதுல்ல? ஜாகா தாத்தா வந்து பேப்பர் படிக்கப்போறாரா என்ன? நீங்க படிப்பீங்க. முன்னாலயே வேற நிக்கிறீங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், எல்லாரும் விட்டுட்டோம். உங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன் இத்தனை வருஷமா!”

அவள் கையிலிருந்த தாளை வாங்கினேன்.

“எனக்கு எதுக்கு அந்த வார்த்தை?”

“பென்சில் டின். டீச்சர்தான் முதல்ல கேட்டாங்க, தாட்ஃபுல்னா யாருன்னு. எங்க யாருக்கும் தெரியல. அவங்களே சொன்னாங்க: ‘அடுத்தவங்க வாயைத் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே யோசிச்சு வைக்கிற ஆள். பென்சில் இல்லாத பிள்ளை நாலு பேர் முன்னால எழுந்து நிக்க வேணாம்னு நெனச்ச ஆள்.’ உடனே எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. எதிர்ப்பே இல்ல. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சண்டையே நடக்கல.”

நேரம் வீணாகக்கூடாது என்றுதான் டின் வைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

“அவங்க இப்பவும் செர்டாங்லதான் இருக்காங்க. முட்டி வலி, ஆனா நல்லா இருக்காங்க. போலாமா?” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கிறிஸ்மஸுக்குப் போவேனே. நாலஞ்சு தடவை போயிருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“நீங்க கேக்கவே இல்லையேம்மா.”

அவள் உறங்கப்போன பிறகு அல்ல, அப்போதே, அவள் எதிரிலேயே, தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பல தாள்களில் ஏழாவது இடம் சுத்தமாக இருந்தது. சிலவற்றில் எழுதி அழித்த தடம் இருந்தது. என் மகளின் தாளில் ‘அம்’ வரை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அந்தத் தடத்தின்மேல் என் சிவப்பு முட்டை வட்டமாக, கச்சிதமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை செர்டாங்குக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. அவர் கோபப்படமாட்டார். ரொட்டியும் சம்பலும் வைத்து உபசரிப்பார். ஏழாவது கேள்வியை நான் எடுத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. என் மேசையில் நான் வைத்த டின்னில் நானே பார்க்காததை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததைக் காப்பாற்றத் தன் வகுப்பையே விட்டுக்கொடுத்தார். எனக்கு அப்படி எதையும் விட்டுக்கொடுத்த நினைவில்லை.

அவருக்கு ஒரு சொல் கொடுக்கவேண்டும் என்று என் பழைய அட்டவணையை விரித்தேன். நாற்பதையும் படித்தேன். அவருடைய சொல் அதில் இருந்தது. என் கையெழுத்திலேயே, நடுப்பத்தியில், இத்தனை ஆண்டுகளாக. இங்கே அதை எழுதவில்லை. அவர் பெயரையும் எழுதவில்லை. இதை அவர் படிக்கக்கூடும்.